மறுபடியும் நகம் வெட்டப் போகிறேன், தோழர்

"செத்த மாட்டத் தூக்க மாட்டோம், சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம்னு நாம போராடிக்கிட்டு இருக்கோம். நீ என்னம்மா, கண்டவன் காலப் புடிச்சி நகம் வெட்டப் போறேங்கிற?"

போன மாதம் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது மூத்த தோழர் ஒருவர் கேட்ட கேள்வி இது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் வலித்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். இது அவர் ஒருவருக்கு மட்டுமான பதில் அல்ல.

என் வேலைக்குப் பெயர் நெயில் டெக்னீஷியன். நகத்தை வெட்டி, ராவி, ஓரச்சதையைத் தள்ளிச் சுத்தம் செய்து, ஜெல் பாலிஷ் போட்டு விளக்கில் காயவைப்பது. அக்ரிலிக்கில் செயற்கை நகம் கட்டுவது. காலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துவிடுவது. சென்னையில் ஆறு வருடம் செய்தேன். 2018-இல் பெரியவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நின்றேன். அப்புறம் கொரோனா, அப்புறம் சின்னவன், அப்புறம் படுக்கையில் விழுந்த மாமியார். ஏழு வருடம் ஓடிவிட்டது. சின்னவனைப் பள்ளிக்கூடத்தில் விட்ட அன்றைக்கே வேலை தேடக் கிளம்பினேன்.

தோழர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. மறைக்க வேண்டாம். நகம் வெட்டுவது இந்த மண்ணில் சாதித் தொழில். அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவருக்குச் சவரக் கத்தியோடு நகவெட்டியும் பிறப்பிலேயே வந்து சேர்ந்தது. ஊர் அவரைக் 'குடிமகன்' என்றது. களத்தில் நெல் அளக்கும்போது அவருக்குத் தள்ளிய பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். குடிமகனாம், சுதந்திரமாம்! கையை நீட்டினால் வெட்ட வேண்டும், காலை நீட்டினாலும் வெட்ட வேண்டும். இன்றைக்கு முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் கிடையாது. அவர் வீட்டுப் பெண்தான் ஊருக்கு மருத்துவச்சி. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கையில் ஏந்தியவள், தான் பிள்ளை பெற்றால் எத்தனை நாள் படுத்திருப்பாள் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த நகவெட்டியும் நம் தெருவுக்கு வந்ததில்லை. ஊருக்கு வெட்டுகிற கை சேரிக்கு வெட்டக் கூடாது என்பது ஊர்க் கட்டளை. என் தாத்தா பழைய பிளேடால் நகம் சீவிக்கொண்டார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், 'கடை' என்ற சொல் உள்ளே நுழைவதை மட்டும் குறிப்பதல்ல, அங்கே கிடைக்கிற சேவையையும் சேர்த்துத்தான் என்று அண்ணல் விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகும் சலூன் நாற்காலியில் உட்காருவதற்கு நம் பையன்கள் அடிபட வேண்டியிருந்தது. நம்மையும் விட்டுவைக்க வேண்டாம். நமக்குத் துணி வெளுத்து, சவரம் செய்து, பிரசவம் பார்த்த புதிரை வண்ணாருக்கு நாம் கொடுத்தது ராத்திரிச் சோறு. அவர்களும் நம் வாசலில் 'லீவு' கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா?

அப்படியென்றால் இழிவு எங்கே இருக்கிறது? நகத்திலா, காலிலா? காலைத் தொட்டுப் புண்ணுக்கு மருந்து போடுகிற டாக்டரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. சாதி வேலையைப் பங்குபோடவில்லை, வேலை செய்கிற மனிதர்களைக் கூறுபோட்டு ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கியது என்பதைத்தான் 1936-இல் அண்ணல் 'சாதி ஒழிப்பு' நூலில் எடுத்துக் காட்டினார். பிறப்பால் தலையில் கட்டியது, விட முடியாதது, கூலி பேச முடியாதது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது சாதி. நான் இந்த வேலைக்குப் பிறக்கவில்லை. காசு கட்டிப் படித்தேன். பிடிக்காத கடையை விட்டு வேறு கடைக்குப் போனேன். பறையை விடு, செத்த மாட்டை விடு என்று இயக்கம் சொன்னது முடியாது என்று சொல்லும் உரிமைக்காக. உழைப்பு அசிங்கம் என்பதற்காக அல்ல.

ஆனால், தோழர், முடியாது என்று சொல்லும் உரிமை பாதிதான். விட்ட வேலைக்கு மரியாதை குறையாமல் திரும்பி வருகிற உரிமை மீதிப் பாதி. திரும்பி வர முடியாதவளுக்கு வேலையை விடுகிற உரிமையும் கிடையாது.

நான் ஏறி இறங்கிய நாலு பார்லரிலும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஏழு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?" என்ன பண்ணினேன்! ரெண்டு பிள்ளை பெற்று வளர்த்தேன். மாமியாருக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். தண்ணி லாரி பின்னாடி குடத்தோடு ஓடினேன். இதெல்லாம் அவர்கள் கணக்கில் 'கேப்'. அடுத்த கேள்வி, "நேட்டிவ் எது? அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" நகத்துக்கும் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்கவில்லை. வேலை வேண்டுமே. ஒரு கடையில் பன்னிரண்டு நாள் 'ட்ரையல்', சம்பளம் இல்லாமல். பதின்மூன்றாம் நாள், கோர்ஸ் முடித்துப் புதுசாக வந்த பெண்ணுக்கு என்னவோ அதுதான் உனக்கும் என்றார்கள். ஆறு வருட அனுபவம் ஆறு பைசாவுக்குப் போகவில்லை.

கை மறந்திருந்தது உண்மை. முதல் நாள் ஓரச்சதை வெட்டும்போது நடுங்கியது. டிரில் மெஷினை எந்த வேகத்தில் வைத்தால் நகம் சூடேறாது என்பது விரலுக்கு மறந்துபோயிருந்தது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு பிளாஸ்டிக் நகங்களை ஒட்டிவைத்துப் பழகினேன். பக்கத்து வீட்டு அக்கா பொறுமையாகக் கையை நீட்டினார். மூன்று வாரத்தில் கை திரும்பிவிட்டது. கூலி இன்னும் திரும்பவில்லை.

இடையில் சரக்கும் மாறிவிட்டது. முன்பு யாரும் சொல்லித் தராததை இப்போது தெரிந்துகொண்டேன். காயாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வரும். ஒருதரம் வந்தால் ஆயுசுக்கும் விடாது. ஜெல்லைக் காயவைப்பதற்குச் சேர்க்கிற டி.பி.ஓ. என்ற ரசாயனத்தை அழகுப் பொருள்களில் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை போட்டிருக்கிறது. நான் வேலை செய்கிற கடையில் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட நேரம் இல்லை. ஜன்னல் இல்லாத ஏ.சி. அறையில் அசிட்டோன் நெடியும் ராவின தூளும் மூக்கில் ஏறுகின்றன. முகமூடி, கையுறை எங்கள் சொந்தச் செலவு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு வேலை பார்க்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. திரும்பி வந்தால் வேலை அங்கேயே காத்திருக்கும். நல்லது, இருக்கட்டும். தனியார் வேலைக்கு 1961-இல் வந்த மகப்பேறு பயன் சட்டம், 2017-இல் விடுப்பை 26 வாரமாக்கியது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. ஆனால் கடை என்றால் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். எங்கள் தெருமுனைப் பார்லரில் நாங்கள் ஐந்து பேர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைத் தாய்மாருக்கு இருக்கிற 18,000 ரூபாய்த் திட்டம் பிரசவத்துக்கு உதவும். வேலையைக் காத்து வைக்காது.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்துக்கு மகப்பேறு மசோதா வந்தபோது அண்ணல் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்குத்தான், ஆகவே சுமையில் பெரும்பங்கை அரசு தாங்க வேண்டும் என்பது அவர் வாதம். நூறு வருடம் ஆகப்போகிறது. ஐந்து பேர் கடை முதலாளியால் தாங்க முடியாது என்றால் அரசு தாங்கட்டும். அந்த வழியை அப்போதே காட்டிவிட்டார்.

அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம் இதை என்றைக்காவது கோரிக்கையாக வைத்தோமா? இட ஒதுக்கீடு பற்றி ராத்திரி முழுக்கப் பேசுவோம். பேச வேண்டும்தான். ஆனால் நம் பெண்களில் பெரும்பாலோர் அந்த ஒதுக்கீட்டின் நிழல் படாத இடத்தில் உழைக்கிறார்கள். வயல், சித்தாள், வீட்டு வேலை, துணிக்கடை, பார்லர். வயிறு தள்ளினால் வேலை போச்சு. என் வீட்டுக்காரரும் தோழர்தான். அந்த ஏழு வருடத்தில் அவர் போகாத மாநாடு இல்லை. அவர் போனதற்குப் பெயர் 'களப்பணி', நான் வீட்டில் செய்ததற்குப் பெயர் 'கேப்'. ஆதிக்க சாதிக்காரன் நம் உழைப்பை உழைப்பாக எண்ணவில்லை என்று மேடையில் குமுறுகிறோம். வீட்டுக்குள் நாம் எண்ணுகிறோமா?

இதே நகத்தொழில் வேறு இடத்தில் என்ன ஆனது என்று பார்க்கலாம். 1975-இல் போர் முடிந்து அமெரிக்காவுக்கு அகதியாகப் போன வியட்நாமியப் பெண்களில் இருபது பேருக்கு, கலிபோர்னியா முகாமில் டிப்பி ஹெட்ரன் என்ற நடிகை நகத்தொழில் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். அதிலிருந்து பரவி, இன்று அந்த நாட்டு நகத்தொழிலில் வியட்நாமியர் கைதான் ஓங்கியிருக்கிறது. அங்கேயும் ரசாயனம் உண்டு, கூலித் திருட்டு உண்டு. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை. 2005-இல் கலிபோர்னியாவில் ஆரோக்கியமான நக நிலையங்களுக்கான கூட்டமைப்பு உருவானது. 2010-இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், நச்சு குறைந்த பொருள்களைப் பயன்படுத்தும் நிலையங்களை அங்கீகரிக்கச் சட்டம் போட்டது. சங்கமாகக் கூடிப் பேசினால் நகரம் காதுகொடுக்கிறது.

நாமும் பேசலாம். பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக் கூலி கொடு. சம்பளமில்லாத 'ட்ரையலை' நிறுத்து. பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளில் உழைக்கும் பெண்ணுக்கும் அரசு நல வாரியத்தின் வழியாக மகப்பேறு ஊதியம் கொடு. முகமூடி, கையுறை, காற்றுப்போக்கி கடைக்காரர் பொறுப்பு. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் காப்பகம் வேண்டும். கடைத் தொழிலாளி உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வருவதற்கே 2021 ஆயிற்று. இதற்கும் அத்தனை காலம் காத்திருக்க முடியாது. மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்லர் பெண்களைத் தேடி வாருங்கள். மணிப்பூரிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்து எங்களோடு வேலை செய்கிற பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களையும் "நேட்டிவ் எது?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன வாரம் பெரிய வீட்டம்மா ஒருவர் வந்தார். ஒரு மணி நேரம் அவர் கை என் கைக்குள் இருந்தது. என் பாட்டிக்குத் தண்ணீரைக்கூட மேலேயிருந்துதான் ஊற்றினார்கள். சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. என் தெருப் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் கை பின்னால் போயிருக்குமா என்ற சந்தேகம் எனக்கு ஒரு மணி நேரமும் இருந்தது. பெயரைச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிற நாள் வர வேண்டும். அதற்கு முதலில் நான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

ஆகவே நான் வேலைக்குப் போகிறேன், தோழர். நீங்களும் ஒருநாள் வாங்க, கூச்சப்படாம கையை நீட்டுங்க. நல்லா வெட்டி விடுறேன். போகும்போது மறக்காம கூலியக் குடுத்துட்டுப் போங்க.