‘ஏறக்குறைய’ என்னும் சொல்லும் நம் ஆங்கிலமும்

நம் கலாசாலை மாணாக்கர் ஆங்கிலத்தில் உரையாடுவதை உற்றுக் கேட்பார்க்கு ஒன்று விளங்கும். ‘ஸார்ட் ஆவ்’, ‘கைண்ட் ஆவ்’, ‘லைக்’ என்னும் சொற்கள் வாக்கியந்தோறும் இடையிடையே வந்து நிற்கின்றன. இவற்றைக் கேட்டுச் சலிப்புற்ற ஆசிரியர் சிலர், திட்டமின்மையைக் காட்டும் சொல் எதுவாயினும் அதனை அடித்துவிடுக என்கின்றனர். மாணாக்கர் செய்வது பிழையே. ஆயினும் ஆசிரியர் கூறும் பரிகாரமும் பிழையென்பது எம் கருத்து.

முதலாவது, இச்சொற்கள் இழிபிறப்பின அல்ல. ‘ஸார்ட்’, ‘கைண்ட்’ என்பன வகை, இனம் என்னும் பொருளன. பொருள்களை இனம் பிரித்து ஒழுங்குபடுத்துவதே அவற்றின் பழைய தொழில். ‘லைக்’ என்பதோ உடல் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லினின்று பிறந்தது. ஒத்த உருவமுடையது என்பதே அதன் முதற்பொருள். இங்கிலாந்திலே கோவில் வளவின் நுழைவாயிலில், சவப்பெட்டியை இறக்கிவைத்துக் குருவானவரை எதிர்நோக்கும் கூரையுடைய வாயிலை ‘லிச் கேட்’ என்பர். அதிலுள்ள ‘லிச்’ என்பதும் அவ்வேரினின்று வந்ததே.

‘இஷ்’ என்னும் விகுதியின் வரலாறு இன்னும் சுவையுடையது. ஆதியில் அது இன்ன நாட்டார், இன்ன குலத்தார் என்பதைக் குறித்தது. ‘இங்கிலிஷ்’, ‘டேனிஷ்’ என்பவற்றில் அதனை வெளிப்படையாகக் காணலாம். ‘வெல்ஷ்’, ‘பிரெஞ்ச்’ என்பவற்றில் அது தேய்ந்து மறைந்து நிற்கின்றது. பின்னர் அது குணங்களைக் குறிக்க வந்தது. அதன்பின் நிறப்பெயரோடு சேர்ந்து, நீலமென்று துணிந்து சொல்லவொண்ணாத நிறத்தை ‘புளூயிஷ்’ என்று உணர்த்தியது. இருபதாம் நூற்றாண்டில் ‘செவனிஷ்’ என மணியோடும் எண்ணோடும் சேரலாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் தனிச்சொல்லாகவே நின்று, ‘ஒருவாறு’ என்று விடை பகரவும் துணிந்துவிட்டது. குலத்தைத் திட்டமாய்க் காட்டிய விகுதி, இன்று ஒன்றையும் திட்டமாய்ச் சொல்லாதிருக்க உதவுகின்றது!

எனினும் ஒப்புமையைக் குறிக்கும் சொற்களைத் தேர்ந்து வழங்கினால் எத்துணை நுட்பம் விளையும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ‘சைல்டிஷ்’, ‘சைல்ட்லைக்’ என்னும் இரண்டும் குழந்தையை ஒத்த தன்மையையே குறிப்பன. ஆயினும் முன்னையது வளர்ந்தவனிடத்துக் காணப்படும் பேதைமை. பின்னையது கபடற்ற உள்ளம். பவுல் அப்போஸ்தலர் தாம் ஒழித்துவிட்டதாகக் கூறியது முன்னையது. நம் ஆண்டவர் பரலோக ராஜ்யத்திற்கு இன்றியமையாததெனக் காட்டியது பின்னையது. விகுதி மாறியவளவில் இகழ்ச்சி புகழ்ச்சியாகின்றது. இத்தகைய சொற்களை அடித்துவிடுதல் மொழியின் கண்ணைக் குத்துவதாகும்.

இனி எண்ணும் அளவும் குறித்துப் பார்ப்போம். யோவான் சுவிசேஷத்தின் இருபத்தோராம் அதிகாரத்தில் சீஷர்கள் மீன்பிடித்த வரலாறு கூறப்படுகின்றது. படவு கரையினின்று ஏறக்குறைய 200 முழ தூரத்தில் இருந்ததாம். வலையில் அகப்பட்ட பெரிய மீன்களோ 153. தூரத்தைக் கண்ணால் மதித்தமையால் அங்கே ‘ஏறக்குறைய’ என்றார். மீன்களை எண்ணியமையால் இங்கே அச்சொல் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பும் இவ்வேறுபாட்டைக் காத்துள்ளது. எண்ணியதை எண்ணியவாறும் மதித்ததை மதித்தவாறும் உரைப்பவனே நல்ல சாட்சி. ‘அபௌட்’ என்னும் சொல்லை எங்கும் நீக்குக என்பார், இச்சாட்சியின் உண்மையில் ஒரு பாதியை நீக்குகின்றனர்.

கணித சாஸ்திரமும் இதனையே கற்பிக்கின்றது. வட்டத்தின் விட்டத்திற்கும் சுற்றளவிற்கும் உள்ள விகிதத்தை ஆராய்ந்த ஆர்க்கிமிடீஸ், வட்டத்தினுள்ளும் புறத்தும் 96 பக்கங்களையுடைய உருவங்களை அமைத்து, அவ்விகிதம் 3 10/71 என்பதற்கு மேற்பட்டும் 3 1/7 என்பதற்குக் குறைந்தும் இருக்குமென நிறுவினார். ‘ஏறக்குறைய’ என்று வாளா கூறியொழியாமல், எவ்வளவுக்கு மேல், எவ்வளவுக்குக் கீழ் என இரு பக்கமும் எல்லைக்கல் நாட்டினார். நம் தமிழ்ச் சொல்லும் இதற்கிசைய அமைந்திருத்தல் காண்க: ஏறவுமாம், குறையவுமாம் என இரு பக்கத்தையும் அது சுட்டுகின்றது.

அங்ஙனமாயின் மாணாக்கரின் பிழை யாது? பொருள் திட்டமற்றிருக்கும்போது அவர் இச்சொற்களை வழங்குவதில்லை. தம் உள்ளம் திட்டமற்றிருக்கும்போதே வழங்குகின்றனர். நூலைப் படித்தாயோ என்று வினவினால், ‘ஆல்மோஸ்ட்’ என்பர். படித்த பக்கம் எத்தனை என்பது அவர்க்கே தெரியும். ஒரு கொள்கை நேரிதோ அன்றோ என்று கேட்டால், அது ‘ஸார்ட் ஆவ்’ நேரிது என்பர். மறுத்துரைக்கப்படுமோ என்னும் அச்சம் அங்கே சொல்லுருக் கொள்கின்றது. எல்லைக்கல்லாக நிற்கவேண்டிய சொல் திரைச்சீலையாகிவிடுகின்றது. இது வெறும் இலக்கணப் பிழையன்று. ஒழுக்கத்தைத் தொட்ட குறை. சிறு வினாவிற்கு இவ்வாறு விடையிறுத்துப் பழகியவன், நாளை கணக்கு ஒப்புவிக்கும்போதும் நியாயஸ்தலத்தில் சாட்சியுரைக்கும்போதும் வேறு நாவைக் கொண்டுசெல்வானோ?

1741ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஜான் வெஸ்லி ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையார் முன்னிலையில் ஆற்றிய பிரசங்கம் ‘ஆல்மோஸ்ட்’ என்னும் சொல்லைத் தலைப்பிலேயே கொண்டது. ஏறக்குறையக் கிறிஸ்தவனாயிருப்பதற்கும் முற்றிலும் கிறிஸ்தவனாயிருப்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை அவர் கற்றோர்க்கு எடுத்துக்காட்டினார். அச்சொல்லை அவர் மறைவிடமாக்கவில்லை. கேட்போர் தம்மை அளந்துகொள்ளும் கோலாக்கினார்.

ஆதலின் மாணாக்க நண்பர்காள்! இவ்வகைச் சொல்லொன்று நாவில் எழும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்வீராக: திட்டமின்மை பொருளிலுள்ளதோ, என்னிலுள்ளதோ? பொருளில் உளதாயின் அஞ்சாது வழங்குக. கூடுமாயின் எல்லையையும் உடன் கூறுக. உம்மிடத்து உளதாயின், ‘அறியேன்’ என்றோ ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ சொல்லிவிடுக. அம்மூன்றும் சிறு சொற்களே. ஆயினும் அவற்றைச் சொல்லுதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று. அத்துணிவையும் மொழியறிவோடு ஊட்டும் கலாசாலையே தன் கடனை ஏறக்குறையவன்றி முற்றவும் ஆற்றியதாகும்.