கடலுக்குப் போகும் நீர் வீணா?

"கடலுக்குப் போற தண்ணி வீண்தானப்பா" என்பார் பட்டாசுத் தொழிலாளியான என் தந்தையார். சாத்தூரில் வைப்பாற்று வெள்ளத்தைக் கண்டால் அவருக்கு வயிற்றெரிச்சல். ஒரு குடம் நீருக்குக் காத்துக் கிடந்த கந்தக பூமிக்காரரின் வருத்தம் அது, நகைக்கத் தக்கதன்று. ஆனால் உண்மையுமன்று. ஆறு கொணரும் வண்டலும் சத்துமே முகத்துவாரத்தில் மீன்குஞ்சுகளை வளர்க்கின்றன.

விருதுநகருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்கும் நண்பர்கள் கௌசிகா நதியைப் பார்க்கட்டும். நம் சாக்கடை (நான் எறிந்த பிளாஸ்டிக் பையும்தான்) வெள்ளக் காலத்தில் வைப்பாற்றோடு மன்னார் வளைகுடாவை அடைகிறது. அங்கே பவளப்பாறையை வெறும் கல்லென்று எண்ணிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டினார்கள். அது சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய அலைத்தடுப்பு. 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீரில் அமிழ்ந்துவிட்டன. தேசியப் பூங்கா 1986இல் வந்தது. பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியதோ 2001இல்தான்!

கழிவுநீரைச் சுத்திகரித்த பின்பே நதியில் விட வேண்டும் என்பது என் கருத்து. தந்தையாரிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"அப்ப நல்ல தண்ணிய நாம தேக்கிக்கிட்டு, சாக்கடைய மட்டும் கடலுக்கு அனுப்புறோமாக்கும்?" என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு விடை கூற வாய் வரவில்லை.