சின்ன பெட்டி, பெரிய சத்தம்: பஸ்ஸில் வால்யூமைக் குறைப்பது யார்?

கடலூர் முதுநகரில் இருந்து சிதம்பரம் போகும் சில பிரைவேட் பஸ்களில், பாட்டு காதில் விழும் முன்பே சீட் அதிரும். சப்வூஃபர் செய்யும் வேலை அது.

முன்பு எப்படி?

கேசட் காலத்து வண்டிகளில் இருந்தது பெரும்பாலும் கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயர். பேட்டரியில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதி வெப்பமாகவே வீணாகும். ரொம்ப கூட்டினால் பெட்டி கொதிக்கும், பேட்டரி இறங்கும். சத்தத்துக்கு கருவியே பிரேக் போட்டது.

இப்போது என்ன மாறியது?

கிளாஸ் டி வந்தது. இதில் டிரான்சிஸ்டர்கள் சுவிட்ச் மாதிரி முழுசாக ஆன், முழுசாக ஆஃப் ஆகும். 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் ஸ்பீக்கருக்கே போய்விடும். அதிக பவர் கேட்கும் சப்வூஃபருக்குக்கூட சீட்டுக்கு அடியில் அடங்கும் பெட்டி போதும். பழைய பிரேக் போய்விட்டது.

காதுக்கு என்ன கணக்கு?

80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயணி சிதம்பரத்தில் இறங்கிவிடுவார். டிரைவரும் கண்டக்டரும் நாள் முழுக்க அதே சத்தத்தில்தான் இருக்க வேண்டும்.

தீர்வு பெட்டியிலேயே இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' என்று ஒரு திருகு உண்டு. பொருத்தும்போதே அதைக் குறைத்து வைத்தால் சத்தம் எல்லை மீறாது. பாட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திருகைக் குறைக்கச் சொல்ல வேண்டியவர் பஸ் உரிமையாளர்தான்.