கிகாஹேட்சு மயக்கமும் மன்னாரின் வெம்மையும்

கணினியின் ஆற்றலைக் கிகாஹேட்சு என்னும் ஓர் எண்ணாலே அளந்துவிடலாம் என்ற மயக்கம் விளம்பரக்காரர் விதைத்தது. அதனைக் கற்றோரும் நீரூற்றி வளர்க்கின்றனர் என்பதே வருந்தத்தக்கது. மன்னாரிலே கணினி வாங்கப் புகுவோர்க்கு இம்மயக்கம் இரட்டைக் கேடு.

செயலியின் தொழில் எளிது. நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையைக் கொணர்கிறது, அதன் பொருளை அறிகிறது, கூட்டல், ஒப்பிடல் போன்ற சிறு வினையொன்றை முடிக்கிறது, விளைவை எழுதிவைக்கிறது. இதனைத் தாளந்தவறாது நடத்துவது கடிகாரத் துடிப்பு. 3 கிகாஹேட்சு என்றால் விநாடிக்கு 300 கோடித் துடிப்பு. ஆனால், ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அவ்வெண் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட பென்ரியம் 4, துடிப்பை உயர்த்துவதையே குறியாகக் கொண்டது. 3.8 கிகாஹேட்சு வரை ஏறியது. அதற்குமேல் வெப்பம் மறித்தது. 4 கிகாஹேட்சுத் திட்டம் 2004இல் கைவிடப்பட்டது. 2006இல் வந்த கோர் 2 வகைச் செயலி குறைந்த துடிப்பிலேயே அதனை விஞ்சிற்று. அன்றே தீர்ந்த வழக்கை இன்றும் வாதாடுவோரை என்னென்பது!

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபோது இரு கரையிலும் புகைவண்டி நின்றது. எஞ்சினை எத்துணை விரைவாக்கினும், இடைப்பட்ட கடலைக் கப்பலின் வேகத்திலேயே கடக்க வேண்டியிருந்தது. செயலிக்கும் பிரதான நினைவகத்துக்கும் இடையே கிடப்பதும் அத்தகைய கடலே. அங்கிருந்து தரவு வந்து சேர்வதற்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணே கழியும். அவ்வீணைக் குறைக்கவே செயலியினுள்ளே பதுக்கு நினைவகம் வைக்கப்பட்டுள்ளது. நினைவகம் போதாமல் சுழலும் வன்தட்டை நாட நேர்ந்தாலோ, இழப்பு கோடித் துடிப்பைத் தாண்டும்.

விரைவான துடிப்பும் வேண்டியதுதானே என்பர். வேண்டியதே, ஆனால் அதற்கு விலையுண்டு. துடிப்பை ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். மின்வலுச் செலவோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும். அவ்வளவும் வெப்பமாகிறது. செயலிகள் பல 100 பாகை செல்சியசை அண்மித்ததும் தம்மைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தாமே குறைத்துவிடும். அறையின் வெப்பம் பத்துப் பாகை ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவு ஏறும். பேசாலையிலோ தலைமன்னாரிலோ தகரக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில் நிலைமை யாதாகும்? மணற்றூசு குளிர்த்தகட்டின் இடுக்குகளை அடைக்கும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். விளம்பரத்தில் வாசித்த கிகாஹேட்சு சில நிமிடங்களிற் காணாமற்போகும். கொழும்பின் குளிரூட்டிய காட்சியறையில் ஓடக் கண்டு வாங்கியவர் செயலியைப் பழிப்பார்; விற்றவர் மென்பொருளைப் பழிப்பார். கூரையைப் பழிப்பார் எவருமிலர்.

மன்னார்ப் பாடசாலைகளுக்கென எழுதப்படும் கேள்விப்பத்திரத்தின் முதல் வரி போதிய நினைவகத்துக்கும் திண்மநிலைச் சேமிப்பகத்துக்கும் உரியது. அடுத்து வரவேண்டியது குறைந்த மின்வலுவில் இயங்கும் செயலி. அதன்பின், காற்றோட்டமுள்ள அறையும், மாதந்தோறும் தூசு துடைக்கும் ஆளுக்கான கூலியும். இந்தக் கடைசி உருப்படியைக் கண்டு நகைப்பவர்கள், ஓராண்டு கழித்து அப்பெட்டியொன்றைத் திறந்து பார்க்கட்டும்.