மின்னல் மரணம்: வயலிலேயே தொடங்க வேண்டிய விசாரணை

மின்னல் தாக்கி 2022இல் இந்தியாவில் இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பெரும்பாலும் நாற்று நட்டவர்கள், மாடு மேய்த்தவர்கள். மின்னலை 2015இல் மாநிலப் பேரிடராக அறிவித்த ஒடிசாவில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால், மின்னலால்தான் இறந்தார் என்று காகிதம் சொல்ல வேண்டும். உடலோ பல நேரங்களில் எதுவும் சொல்வதில்லை.

மின்னல் பட்டால் கரிக்கட்டையாகிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த மின்சாரம் பாய்வது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு; பெரும்பகுதி தோலின் மேலாகவே ஓடிவிடும். ஆழமான தீக்காயம் அரிது. வியர்வை வழிந்த தடத்தில் கோடாக ஒரு சூடு, கருகிய முடி, கிழிந்த செவிப்பறை, நார்நாராகப் பிய்ந்த சட்டை, வெடித்த செருப்பு. சில உடல்களில் பெரணி இலைபோலக் கிளைவிடும் செந்நிறக் கோலம் தெரியும். 1777இல் ஜெர்மானிய இயற்பியலாளர் லிக்டன்பெர்க் மின்னேற்றிய பிசின் தட்டில் தூசியைத் தூவிக் கண்ட வடிவத்தின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். மின்னலுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால், ஓரிரு நாளில், சில நேரம் சில மணி நேரத்திலேயே மறைந்துவிடும். மறுநாள் காலை உடலை அறுக்கும் மருத்துவருக்கு மிஞ்சுவது நின்றுபோன இதயம் மட்டுமே. நின்ற இதயம் காரணத்தைக் காட்டாது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆபத்து. காட்டுப்பன்றிக்காகத் திருட்டு மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி இறந்தவரையும், மழை நாளாக இருந்தால், மின்னல் கணக்கில் எழுதிவிடலாம். கம்பி தொட்ட இடத்தில் குழிந்த தழும்பு இருக்கக்கூடும். ஈரத் தோலில் அதுவும் இல்லாமல் போகலாம்.

மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை, பிரேத விசாரணையை அச்சடித்த படிவமாக்கிவிட்டதில் இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு, உடலில் தெரியும் காயங்களையும் குறிகளையும் போலீசார் விவரிக்க வேண்டும் என்கிறது. கையில் செல்போன் உள்ள காவலர், உடலைத் தூக்குமுன் நான்கு படம் எடுக்கலாம். துணியையும் செருப்பையும் தூக்கி எறியாமல் கட்டி அனுப்பலாம். பட்டை உரிந்த மரம், அருகில் செத்த மாடு, எல்லாமே சாட்சிதான். இடுப்புச் சாவி காந்தமேறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு திசைகாட்டி போதும்.

புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் கருவிகள், மின்னல் எங்கே, எப்போது இறங்கியது என்று பதிவு செய்கின்றன. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்ப்பதை ஏன் கட்டாயமாக்கக் கூடாது? எல்லா மின்னலையும் அது பிடித்துவிடாது என்பது சரி. ஆனாலும், சாவு நேர்ந்த வேளையில் அந்த வட்டாரத்திலேயே மின்னல் பதிவாகவில்லை என்றால், விசாரணை அதிகாரி அடுத்துப் பார்க்க வேண்டியது பக்கத்து வயல் வேலியை.