படத்தில் நாய்க்குட்டி, கணக்கில் வழக்குச் செலவு

யானைகளைக் காப்பாற்றத் தொடுத்த வழக்கு ஒன்று, விலங்கு நல அமைப்புகள் சர்க்கஸ் முதலாளிக்குப் பணம் கட்டியதில் போய் முடிந்தது. அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸ் தன் ஆசிய யானைகளை அங்குசத்தாலும் சங்கிலியாலும் வதைக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் சில விலங்கு நல அமைப்புகள் நீதிமன்றம் போயின. முக்கிய மனுதாரர், அந்தச் சர்க்கஸில் யானைகளுடன் வேலை பார்த்த முன்னாள் ஊழியர். வழக்குத் தொடுத்த அமைப்புகளின் தரப்பிலிருந்து அவருக்குப் பல ஆண்டுகளாகக் குறைந்தது 1,90,000 டாலர் போயிருந்தது விசாரணையில் வெளிவந்தது. அவரைப் பணம் வாங்கிக்கொண்டு மனுதாரராக இருப்பவர் என்றே கருதிய நீதிபதி எம்மெட் சல்லிவன், வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லை என்று 2009 டிசம்பரில் தீர்ப்பளித்தார். சர்க்கஸை நடத்திய ஃபெல்ட் நிறுவனம் எதிர்வழக்குப் போட்டது. 2012-இல், வழக்குத் தொடுத்த அமைப்புகளில் ஒன்றான ஏ.எஸ்.பி.சி.ஏ. (விலங்கு வதைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கம்) 93 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2014 மே மாதத்தில் ஹியூமேன் சொசைட்டி ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் உள்ளிட்ட மற்றவர்கள் 1 கோடியே 57.5 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். தன் பங்கின் பெரும்பகுதியையாவது காப்பீடு ஈடுகட்டும் என்றது ஹியூமேன் சொசைட்டி.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 மே மாதத்தில், ரிங்லிங் யானைகள் கடைசியாக வித்தை காட்டின. அதற்கு நீதிமன்றம் காரணம் அல்ல. லாஸ் ஏஞ்சலீஸ், ஓக்லாண்ட் போன்ற நகரங்கள் அங்குசத்துக்குத் தடை போட்டிருந்தன. பார்வையாளர்களின் மனமும் மாறியிருந்தது. அந்தத் தடைகளுக்காக நகர மன்றங்களில் ஓயாமல் வாதாடியது இதே விலங்கு நல இயக்கம்தான். ஆக, ஒரு பக்கம் செலவழித்த பணம் வீணானது, இன்னொரு பக்கம் செலவழித்தது பலன் தந்தது. பணம் கொடுத்தவரில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டில் எதற்குத் தங்கள் காசு போகிறது என்றே தெரியாது. நாய்களும் பூனைகளும் பசியாறும் என்று நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

அந்த நம்பிக்கையை வளர்த்தது விளம்பரம். 2007-இல் பாடகி சாரா மெக்லாக்லன் தோன்றிய ஏ.எஸ்.பி.சி.ஏ. தொலைக்காட்சி விளம்பரத்தை அமெரிக்கர்கள் இன்னும் மறக்கவில்லை. கம்பிக்குப் பின்னால் நடுங்கும் நாய்கள், கண்ணில் காயம்பட்ட பூனைகள், உருக்கமான பாட்டு. இரண்டே ஆண்டுகளில் சுமார் 3 கோடி டாலர் சேர்ந்தது. 2021-இல் சி.பி.எஸ். செய்தி நிறுவனம் ஏ.எஸ்.பி.சி.ஏ.வின் வரவு செலவைக் கூட்டிப் பார்த்தது. 2008 முதல் 200 கோடி டாலருக்கு மேல் திரட்டிய அந்த அமைப்பு, உள்ளூர் விலங்கு நல அமைப்புகளுக்கு மானியமாகக் கொடுத்தது 14.6 கோடி டாலர். நிதி திரட்டுவதற்காகவே செலவிட்டது குறைந்தது 42.1 கோடி. மானியம் மட்டும் எங்கள் பணி அல்ல, மருத்துவமனை, மீட்பு, சட்ட உதவி எல்லாம் நாங்களே நேரடியாகச் செய்கிறோம் என்று ஏ.எஸ்.பி.சி.ஏ. சொன்னது நியாயமான பதில். ஆனால் ஊர் ஊராக இருக்கும் எஸ்.பி.சி.ஏ.க்கள் இதன் கிளைகள் அல்ல என்பதைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஹியூமேன் சொசைட்டியில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. 1954-இல் தொடங்கிய அந்த அமைப்பின் பெரும்பணி சட்டம் கொண்டுவரப் போராடுவது, நிறுவனங்களோடு பேரம் பேசுவது, கொடுமையை அம்பலப்படுத்துவது. அதே பெயரைத் தாங்கிய ஊர்க் காப்பகங்கள் தனித்தனி அமைப்புகள். அவற்றின் நாய்க்கூண்டைக் கழுவ இங்கிருந்து யாரும் போவதில்லை. அன்னதானத்துக்கு என்று நினைத்து உண்டியலில் போட்ட பணம் ராஜகோபுரத் திருப்பணிக்குப் போனால் அது திருட்டு ஆகாது, திருப்பணியும் தேவையான வேலைதான். இருந்தும் போட்டவருக்கு மனம் வலிக்கத்தான் செய்யும்.

இந்த வலியை முதலாக்கிக்கொண்டவர்கள் உண்டு. 2010-இல் 'ஹியூமேன்வாட்ச்' என்ற பிரசாரம் கிளம்பியது. ஹியூமேன் சொசைட்டியின் பணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஊர்க் காப்பகங்களுக்கு மானியமாகப் போவதில்லை என்று பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது. நடத்தியவர் ரிச்சர்ட் பெர்மன். உணவு, உணவகத் தொழில்களின் பணத்தில் பிரசாரம் செய்து பேர் பெற்றவர். அவர் சொன்ன கணக்கு உண்மையை ஒட்டியதுதான். ஆனால் தெருநாய்மேல் உள்ள இரக்கத்தால் அந்தத் தொழில்கள் பணம் போடவில்லை. சினைப்பன்றியைத் திரும்பக்கூட இடமில்லாத கூண்டில் அடைக்கும் முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமைப்பின் வருமானத்தை வற்றவைப்பதில் அவற்றுக்கு ஆதாயம் இருந்தது.

சொல்பவன் யோக்கியன் இல்லை என்பதால் சொன்னது பொய்யாகிவிடாது. அமைப்புகள் இங்கேதான் தவறின என்பது என் கருத்து. இறைச்சித் தொழிலின் கையாள் பேசுகிறான் என்று அவை திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன் காசு எங்கே போகிறது என்று பணம் கொடுத்தவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

சதவீதக் கணக்கால் இந்தச் சிக்கல் தீராது. நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் 'நேரடிப் பணிக்கு' என்று கேட்பது எளிது. அந்த எண்ணை அழகாக்குவதும் எளிது. நன்கொடை கேட்டு அனுப்பும் கடிதத்தில், வெயிலில் நிற்கும் காருக்குள் நாயைப் பூட்டாதீர்கள் என்பதுபோல மக்கள் செய்ய வேண்டிய ஒன்றையும் சேர்த்துவிட்டால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அச்சு, தபால் செலவின் ஒரு பகுதியை விழிப்புணர்வுப் பணி என்று எழுத அமெரிக்கக் கணக்கியல் விதி அனுமதிக்கிறது. வருமான வரித் துறைக்குத் தரும் 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். தலைவரின் சம்பளம்வரை அதில் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் விளம்பரம் எதைக் காட்டிப் பணம் கேட்டது என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

பணம் எங்கே தேவை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 900 கோடிக்கு மேல் கோழிகள் வெட்டப்படுகின்றன. காப்பகங்களில் கருணைக்கொலை செய்யப்படும் நாய், பூனைகள் பத்து லட்சத்துக்குள் இருக்கும் என்று ஏ.எஸ்.பி.சி.ஏ. 2019-இல் மதிப்பிட்டது. விலங்குகளுக்காகத் தரப்படும் நன்கொடையிலோ பெரும்பகுதி நாய், பூனைக் காப்பகங்களுக்குப் போகிறது; பண்ணை விலங்குகளுக்காகவே உழைக்கும் அமைப்புகளுக்கு மிகச் சிறிய பங்கே வருகிறது. எனவே, சட்டத்துக்காகப் போராடச் செலவிடும் டாலரை நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு சட்டம் தொடும் உயிர்களின் எண்ணிக்கையை எந்தக் காப்பகமும் தொட முடியாது. இத்தனை மதிப்புள்ள வேலையை நாய்க்குட்டிப் படத்துக்குப் பின்னால் ஒளிக்கிறார்களே என்பதுதான் என் கோபம். ஒளித்தது தெரியவரும் நாளில், பணம் கொடுத்தவர் சட்டப் பணிக்கும் தரமாட்டார், ஊர்க் காப்பகத்துக்கும் தரமாட்டார்.

பன்றியைக் காட்டினால் யார் பணம் தருவார்கள் என்று நிதி திரட்டுவோர் கேட்கக்கூடும். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவில் 12-ஆம் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. கூண்டில் அடைத்த கோழியின் முட்டையையும், குறுகிய கூண்டில் வைத்த பன்றியின் வழிவந்த இறைச்சியையும் மாநிலத்தில் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். இதற்காக வாக்குக் கேட்டு முன்னின்றது ஹியூமேன் சொசைட்டி. நூற்றுக்கு 62 பேருக்கு மேல் ஆதரித்தார்கள். பன்றித் தொழில் தொடுத்த வழக்கில் 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சட்டத்தை நிலைநிறுத்தியது. முட்டையும் இறைச்சியும் வாங்கி உண்பவர்களிடமே உள்ளதைச் சொல்லி வாக்குக் கேட்க முடிந்திருக்கிறது.

2025 பிப்ரவரியில் ஹியூமேன் சொசைட்டி, 'ஹியூமேன் வேர்ல்ட் ஃபார் அனிமல்ஸ்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஊர்க் காப்பகத்தோடு குழப்பிக்கொள்ள இனி வாய்ப்புக் குறைவு. அடுத்து, மாதம் 19 டாலர் கேட்கும் ஏ.எஸ்.பி.சி.ஏ. போன்றவற்றின் விளம்பரங்களில், அதில் எவ்வளவு சட்டப் பணிக்கு, எவ்வளவு மீட்புக்கு, எவ்வளவு அடுத்த விளம்பரத்துக்கு என்பது ஓடட்டும், பார்ப்பவர் வாசித்து முடிக்கும்வரை.