கண் சொட்டு மருந்துகளைக் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கண் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதையே தொழிலாகக் கொண்ட செவிலியராகிய நாங்கள், கண்வலி பரவும் காலந்தோறும் மருந்துக் கடைகளில் சீட்டின்றி வாங்கப்பட்டு, ஒரே புட்டியிலிருந்து வீட்டிலுள்ளோர் அனைவர் கண்ணிலும் விடப்படும் சொட்டு மருந்துகளைப் பற்றிய எங்கள் அபிப்பிராயத்தைப் பொதுஜனங்களின் முன் வைப்பது கடமையெனக் கருதுகிறோம். 1819ஆம் ஆண்டிலேயே கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை கண்ட சென்னை நகரத்திலும் இவ்வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

எங்கள் நிலைப்பாடு இதுவே: ஸ்டீராய்டு கலந்த எந்தக் கண் மருந்தும் வைத்தியரின் சீட்டின்றி விற்கப்படவோ, செவிலியரால் சிபாரிசு செய்யப்படவோ கூடாது, சீட்டின்பேரில் தரப்படும் மருந்தையும், அதை விடும் முறையை நோயாளிக்கோ அவரைப் பராமரிப்பவருக்கோ செய்துகாட்டி, அவர் தம் கையால் சரியாகச் செய்யக் கண்ட பிறகே கொடுத்தனுப்ப வேண்டும்.

‘மெட்ராஸ் ஐ’ என்று வழங்கும் கண்வலி பெரும்பாலும் அடினோ வைரஸால் உண்டாவது; ஆன்டிபயாடிக் சொட்டுகளுக்கு அது கட்டுப்படுவதில்லை; பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களுக்குள் தானே தணிந்துவிடும். குளிர்ந்த ஒத்தடம், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சினால் மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே முறை பூளையைத் துடைத்து அப்பஞ்சை எறிந்துவிடுதல், தனித் துண்டு, தனித் தலையணை உறை, அடிக்கடி சோப்பிட்டுக் கை கழுவுதல் ஆகிய சிசுருஷைகளே அங்கு பிரதானம். வலி மிகுந்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ தாமதமின்றி வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஸ்டீராய்டு சொட்டு, கண்ணின் சிவப்பை விரைவில் மறைத்துவிடுவதனாலேயே ஜனங்களின் விசுவாசத்தைப் பெற்றிருக்கிறது. அதன் அபாயமும் அங்கேதான் இருக்கிறது. அறுவடையின்போது நெல் தாள் கீறிப் பூஞ்சை தொற்றிய கண்ணில், நாடமைசின் போன்ற பூஞ்சைக்கொல்லி விழவேண்டிய இடத்தில் ஸ்டீராய்டு விழுமானால், மேலுக்குச் சிவப்புத் தணிந்ததாகத் தோன்றும்போதே கருவிழிப் புண் உள்ளே ஆழ்ந்து, ஆறியபின்னும் பார்வையை மறைக்கும் தழும்பை விட்டுச்செல்லும். நீடித்த உபயோகத்தால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு பழுதுபடுவதும், கண்புரை உண்டாவதும் வைத்திய சாஸ்திரம் ஐயமின்றி அறிந்தவை. டெக்ஸாமெத்தசோன் முதலான ஸ்டீராய்டுகளைச் சீட்டின்றி விற்றலாகாதென்று 1945ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் விதிகள் விதித்திருப்பதும் காரணத்தோடுதான்.

இனி, விடும் முறை. கை கழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, புட்டியின் நுனி இமையிலோ மயிரிலோ படாமல் ஒரே சொட்டு விட வேண்டும். அதற்குமேல் கண் கொள்ளாது, மிகுதி கன்னத்தில் வழிந்தோடும். பின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய உள்மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொண்டால், மருந்து மூக்கின் வழியே இறங்கி இரத்தத்தில் கலப்பது பெரிதும் குறையும். கண் அழுத்த நோய்க்கு வழங்கப்படும் டைமோலால், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறலையும், சிலருக்கு நாடித்துடிப்புக் குறைவையும் விளைவிக்கக்கூடியதாகையால், சீட்டு எழுதப்படுமுன்னரே செவிலியர் அவ்வியாதிகளை விசாரித்து வைத்தியருக்குத் தெரிவித்தல் அவசியம். இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிஷ அவகாசம் வேண்டும். களிம்பு கடைசியில் வர வேண்டும். திறந்த புட்டியைப் பொதுவாக ஒரு மாதத்துக்குமேல் வைத்திருக்கலாகாது.

ஆதலால், சீட்டின்றிக் கேட்போரை மருந்துக் கடைக்காரர்கள் வைத்தியரிடம் அனுப்ப வேண்டுமென்றும், மருந்து விடும் முறையைக் கற்பிக்கும் நேரத்தைச் செவிலியரின் பணிநேரத்திலேயே சேர்த்து ஒதுக்க மருத்துவமனை நிர்வாகங்கள் முன்வர வேண்டுமென்றும் கோருகிறோம். பொதுஜனங்களுக்கு எங்கள் விண்ணப்பம்: அடுத்த வீட்டாருக்குக் குணமளித்த புட்டியையும், தாய்ப்பாலையும், பச்சிலைச் சாற்றையும் கண்ணில் விடாதீர்கள், சிவந்த கண்ணோடு முதலில் வைத்தியரைப் பாருங்கள், மருந்து விடும் விதத்தைச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு திரும்புங்கள்.